கப்பலுக்குப் போன மாத்திரை

பௌசியா மேஜை மேல் கொட்டிய மாத்திரை அட்டைகளை சுபுஹான் விரல் வைத்து எண்ணினான்.

"இருபத்திரெண்டு."

"முப்பது எடுத்துக்கினு போனேன்," என்றாள் பௌசியா. "கப்பல் ஏறின அன்னைக்கு ராத்திரி ரெண்டு. மறுநாள் காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு. மூணாம் நாள் காலையில ரெண்டு. அன்னைக்கு மதியம் மாமா விழுந்துட்டாரு. எட்டுதான் குடுத்தேன். ஒண்ணு கூட ஜாஸ்தி குடுக்கல."

எழில்மதி அவள் முகத்தையே பார்த்தாள். பன்னிரண்டு வருடம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்யான விபத்துகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் எழில்மதி. இப்போது கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். சுபுஹான் அவளுடைய உதவியாளன். முப்பத்தைந்து வயது. முன்பு ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். அதில் ஏறியவர்களிடம் பேசிப் பேசி வளர்ந்த வாய் இன்னும் ஓயவில்லை.

"முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றாள் எழில்மதி.

பௌசியாவின் மாமனார் ஷேக் பரீத் ஊரில் பெரிய பாத்திரக்கடை வைத்திருப்பவர். அறுபத்தொன்பது வயது. மனைவி ஷாஜாதி இறந்து இரண்டு வருடம். கடலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி, கப்பலில் ஏறியதே இல்லை என்று அவர் ஒருநாள் சொல்லப்போக, மகன் நவுஷாத் சென்னையிலிருந்து இலங்கை போய் வரும் உல்லாசக் கப்பலில் டிக்கெட் போட்டான். அவன், மனைவி பௌசியா, தங்கை ஜெபீனா, அத்தா. நாலு பேரும் போனார்கள். மூன்றாம் நாள் மதியம் சாப்பாட்டுக் கூடத்துக்கு நடந்துபோகும்போது ஷேக் பரீத் வேர்த்து விறுவிறுத்துக் கீழே சாய்ந்தார். கப்பல் டாக்டர் சர்க்கரையைப் பார்த்தபோது முப்பத்திநாலுக்கு இறங்கியிருந்தது. பிழைத்துவிட்டார். ஆனால் இருபது நாளாகியும் நாக்கு குழறுகிறது, வலது கை டம்ளரைப் பிடிக்க மறுக்கிறது.

"நான்தான் மாத்திரைய ஜாஸ்தியா குடுத்து அவரை சாவடிக்கப் பாத்தேன்னு எங்க நாத்தனார் சொல்றா," என்றாள் பௌசியா. "அதுக்கு முந்தின மாசம், அவரைப் பாத்துக்க ஒரு ஆள் வெக்கலாம்னு கேட்டேன். அது ஒண்ணு போதாதா. எங்க வூட்டுக்காரரும் அதையே நம்பறாரு. நாளைக்கு ஜும்மா முடிஞ்சதும் ஜமாத் பெரியவங்க வூட்டுக்கு வர்றாங்க. என்னை எங்க அம்மா வூட்டுக்கு அனுப்பறதைப் பத்திப் பேச. எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குங்க மேடம்."

அவள் அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தாள்.

"கப்பல்ல என்ன சாப்பிட்டாரு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். முந்தின ராத்திரி ரெண்டு பிளேட் பிரியாணி, மூணு ஐஸ்கிரீம். நான் வேணாம்னு சொன்னதுக்கு எல்லார் முன்னாடியும் என்னைத் திட்டினாரு. வூட்ல பத்தியமா இருக்கும்போதே எரநூத்தி எண்பதுக்குக் கொறையாத சக்கர, ஐஸ்கிரீம் சாப்பிட்டா எப்படிங்க எறங்கும்?"

"எனக்கு இந்த வைத்தியம் புடிச்சிருக்கு," என்றான் சுபுஹான். எழில்மதி முறைத்ததும் அட்டைகளை அடுக்க ஆரம்பித்தான்.

பௌசியா பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். கப்பல் கம்பெனி அனுப்பிய விதிமுறை. மருந்துகள் கையில் கொண்டுவரும் பையில்தான் இருக்க வேண்டும். டாக்டர் சீட்டு வேண்டும். கடை பில் வேண்டும். அட்டை வெட்டாமல் முழுதாக, மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் தெரியும்படி இருக்க வேண்டும். உதிரி மாத்திரைக்கு அனுமதி இல்லை.

"எங்க வூட்ல மாத்திரையெல்லாம் பிஸ்கட் டப்பாவுல கெடக்கும். எங்களைத் துறைமுகத்துலேயே திருப்பி அனுப்பியிருப்பாங்க," என்றான் சுபுஹான்.

"எங்க வூட்லயும் அப்படித்தான். தீனதயாளன் கடையில வாங்கறது. எப்பவும் துண்டு துண்டா வெட்டித்தான் குடுப்பாரு. முழு அட்டையும் பில்லும் வேணும்னு கேட்டதும் ரொம்ப சலிச்சுக்கினாரு. கப்பல்ல யாருங்க இதெல்லாம் பாக்கப்போறாங்கன்னாரு. நான் விடல. கடைசியில நாங்க ரயில் ஏற வந்தப்போ, சின்னசேலம் ஸ்டேஷனுக்கே கொண்டாந்து குடுத்தாரு. எவ்ளோ நல்ல மனுஷன்னு எங்க வூட்ல எல்லாரும் சொன்னாங்க."

எழில்மதி பில்லை வாங்கிப் பார்த்தாள். ஷேக் பரீத் பெயர் இருந்தது, மருந்தின் பெயர் இருந்தது, தேதியும் சரி. ஆனால் மேலே அச்சடித்திருந்தது சின்னசேலத்தில் இருக்கும் வேறொரு மருந்துக்கடையின் பெயர்.

"வூட்ல பழைய துண்டு ஏதாச்சும் மிச்சம் இருக்குதா?"

பௌசியா ஒரு கிழிந்த காகிதக் கவரைக் கொடுத்தாள். உள்ளே நாலு மாத்திரை கொண்ட ஒரு துண்டு. தேதி இருக்க வேண்டிய ஓரம் வெட்டப்பட்டிருந்தது. சுபுஹான் அதை மூக்கருகே கொண்டுபோனான்.

"நகப்பாலீஷ் அழிக்கிற வாசனை வருதுங்க மேடம். மாத்திரை எந்தக் கல்யாணத்துக்குக் கெளம்பிச்சுன்னு தெரியல."

*

தீனதயாளனின் மருந்துக்கடை துருகம் சாலையில் இருந்தது. சுவர் முழுக்கப் புகைப்படங்கள். கல்வராயன் மலையில் இலவச மருத்துவ முகாம், சால்வை, கேடயம், மலைவாழ் பெண்கள் வரிசையில் நிற்க நடுவில் சிரிக்கும் தீனதயாளன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தகரப்பெட்டி. அதில், 'உங்கள் வீட்டில் மீந்த மருந்துகளை ஏழைகளுக்குக் கொடுங்கள்' என்று எழுதியிருந்தது.

ஐம்பத்தைந்து வயது, வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. ஒரு கிழவருக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக் காகிதக் கவரைப் பிரித்தார். அதே விரலால் மாத்திரைகளை உருட்டி உள்ளே தள்ளினார். அந்தக் கிழவர் கவரை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

"சொல்லுங்க மேடம், இன்னா வேணும்?"

சர்க்கரை மாத்திரையின் பெயரைச் சொன்னாள். "முழு அட்டையா குடுங்க. வெளியூர் போறேன்."

"முழு அட்டை இப்ப இல்லைங்களே. வெட்டினது தர்றேன். உள்ள இருக்கிற மாத்திரை அதேதான."

"தேதி பாக்கணுமே."

"என் மேல நம்பிக்கை இல்லீங்களா?" சிரித்தபடியே சுவரில் இருந்த படங்களைக் காட்டினார். "மாசாமாசம் மலைக்குப் போய் சேவை பண்றவன் நான்."

வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். சுபுஹான் எதிரே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தான். கடைக்குப் பின்பக்கம் ஒரு சின்ன லாரியிலிருந்து அட்டைப்பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் 'இலவச மருத்துவ முகாம்' என்று சிவப்பு ஸ்டிக்கர்.

"அந்த வண்டி மலையிலேர்ந்து எறங்கி வந்திருக்குது மேடம். சக்கரத்துல செம்மண்ணு."

"சரி. முகாம் முடிஞ்சு வருது."

"முகாமுக்குப் போற பொட்டி போகும்போது கனமா இருக்கணும், திரும்பும்போது லேசா இருக்கணும். இங்க பாருங்க, ஒரு பொட்டிய ரெண்டு பேர் தூக்கறாங்க. அப்போ மலையில இருக்கிறவங்கதான் இவருக்கு மருந்து குடுத்து அனுப்பறாங்களா?"

எழில்மதி திரும்பிப் பார்த்தாள். பெட்டிகளை இறக்கி முடித்ததும், கடையில் இருந்த தகரப்பெட்டியைத் தூக்கிவந்து, அதிலிருந்ததை இரண்டு கோணிப்பைகளில் கொட்டி லாரியில் ஏற்றினார்கள். லாரி மலைக்குப் போகும் கச்சிராயபாளையம் சாலையில் திரும்பியது.

"பெட்ரோல் இருக்குதா?" என்று கேட்டாள்.

"வண்டிக்கு இருக்குது. எனக்குத்தான் ஒரு பரோட்டா கம்மியா இருக்குது."

*

கோமுகி அணையைத் தாண்டி, வளைவுகள் ஏறி, வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு மண்பாதையில் லாரி நுழைந்தது. அவர்கள் கடுக்காய் மரத்தடியில் பைக்கை நிறுத்திக் காத்திருந்தார்கள். கால் மணி நேரத்தில் லாரி காலியாகத் திரும்பிப் போனது. பாதையின் முடிவில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. ஒரு காலத்தில் கோழிப்பண்ணையாக இருந்திருக்க வேண்டும்.

வாசலிலேயே நெடி அடித்தது. தின்னர், எலி மூத்திரம், பழைய கோழி எச்சம் மூன்றும் வெயிலில் வெந்து ஒன்றாகிவிட்டிருந்தன. சுபுஹான் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டான். உள்ளே நாலு பெண்கள் தரையில் உட்கார்ந்து, பஞ்சைத் தின்னரில் தொட்டு, மாத்திரை அட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். இன்று வந்த கோணிப்பைகள் மூலையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்றின் வாய் பிரிந்து, பாதி குடித்த சிரப் பாட்டில்களும், யாரோ வாயில் வைத்து எடுத்த தெர்மாமீட்டரும், சாயம் போன அட்டைகளும் வெளியே சிந்தியிருந்தன. அட்டைகளின் மேல் எலிப் புழுக்கை. பக்கத்திலேயே அந்தப் பெண்களின் சோற்றுத் தூக்குகள்.

"கள்ளக்குறிச்சியிலேர்ந்து வர்றோம்," என்றாள் எழில்மதி. கடையிலிருந்து வந்தவர்கள் என்று அவர்களே நினைத்துக்கொண்டார்கள்.

வயதில் மூத்தவள் பெயர் ஜெயம்மாள். விரல் நுனிகளில் தோல் உரிந்து, வேகவைத்த கிழங்கு மாதிரி வெளுத்திருந்தது. இடது காலில் அழுக்குத் துணிக் கட்டு. ஈக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன.

"கால்ல என்னங்கம்மா?"

"ஆறு மாசமா ஆறல. சக்கரப் புண்ணுன்றாங்க. முகாம்ல குடுத்த மாத்திரையத்தான் போட்டுக்கினு இருக்கேன்."

"எந்த மாத்திரை?"

ஜெயம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு அட்டையைக் காட்டினாள். தேதி அழியாமல் அப்படியே இருந்தது. காலாவதியாகி மூன்று வருடம். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

எழில்மதி அட்டையைத் திருப்பிக் காட்டினாள். "இதுல தேதி அழியலயே?"

"இது அழுத்தி அடிச்சதுங்க. மை இல்ல. எவ்ளோ தேச்சாலும் போவாது. மையில அடிச்சது மட்டும்தான் போவும். ஓரத்துல இருந்தா வெட்டிடுவோம். போனதெல்லாம் பொட்டியில போட்டு கீழ அனுப்பிடுவோம். போவாததை முகாம்ல எங்களுக்குக் குடுத்துடுவாரு."

பேசிக்கொண்டே வந்த சுபுஹான் வெளியே போய் மரத்தடியில் வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தவன், "அழிஞ்சது ஊருக்கு, அழியாதது மலைக்கு," என்றான். "தீனதயாளன்னு பேரை மட்டும் நல்லா தேடி வெச்சிருக்காங்க இவருக்கு."

எழில்மதி படம் எடுத்தாள். துடைக்காமல் கிடந்த குவியலைக் குச்சியால் கிளறினாள். சில அட்டைகளில் பேனாவால் நோயாளிகளின் பெயர்கள் எழுதியிருந்தன. மீந்த மருந்தை ஏழைக்குக் கொடுங்கள் என்று கேட்டதும், ஊரில் செத்துப்போனவர்களின் வீட்டிலிருந்தெல்லாம் வந்து சேர்ந்தவை. அதில் ஒன்றை எடுத்துப் படித்தவள், அதைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள்.

"இனிமே அந்த மாத்திரைய போடாதீங்கம்மா," என்றாள் ஜெயம்மாளிடம். "நாளைக்கு நான் வண்டி அனுப்பறேன். பெரிய ஆஸ்பத்திரியில கால காட்டணும்."

"யாரு நீங்க?" ஜெயம்மாளுக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது.

எழில்மதி உண்மையைச் சொன்னாள். ஜெயம்மாள் தன் விரல்களைப் பார்த்தாள், பிறகு அட்டைக் குவியலைப் பார்த்தாள்.

"நாங்க தொடைச்சதை ஜனங்க சாப்பிடறாங்களா? தேதிய அழிச்சப்புறம்தான் குப்பையில போடணும்னு சொன்னாரே," என்றாள்.

வெளியே வந்ததும் எழில்மதி இரண்டு போன் செய்தாள். முதலாவது மருந்துக் கட்டுப்பாட்டு ஆய்வாளருக்கு. இரண்டாவது, பௌசியா கொடுத்த பில்லில் இருந்த சின்னசேலம் கடையின் எண்ணுக்கு. அந்தக் கடையில் இருந்த பெண் சொன்னதைக் கேட்கக் கேட்க அவள் முகம் சுருங்கியது.

"இதை எழுதிக் குடுப்பீங்களாம்மா?" என்று கேட்டு போனை வைத்தாள்.

*

அன்று மாலை ஷேக் பரீத்தின் வீட்டுக்கு அவர்கள் போனபோது, தீனதயாளன் ஏற்கெனவே அங்கே இருந்தார். கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்து, ஷேக் பரீத்தின் கையைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஸ்டூலில் ஆப்பிள் பையும் ஒரு காகிதக் கவரும் இருந்தன.

"இவங்கள யாரு கூப்டது?" என்றாள் ஜெபீனா.

"நான்தான்," என்றாள் பௌசியா, சமையலறை வாசலில் நின்றபடி.

நவுஷாத் எழுந்தான். "வூட்டு விஷயத்துல வெளியாள் எதுக்கு? அத்தா ரெஸ்ட் எடுக்கணும்."

"அஞ்சு நிமிஷம்," என்றாள் எழில்மதி. தீனதயாளன் பக்கம் திரும்பினாள். "அந்தக் கவர்ல இன்னாங்க?"

காலையில் கடைக்கு வந்தவள் என்று அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஆனாலும் சிரிப்பு மாறவில்லை. "பெரியவருக்கு மாத்திரைங்க. இந்த நேரத்துல தீந்துடக்கூடாது இல்ல."

"அதுல ஒண்ணு நீங்க போட்டுக்குங்க."

"நான் எதுக்குங்க?"

"உங்களுக்கும் சக்கர இருக்கே."

அவர் சிரிப்பு நின்றது. "யாரு சொன்னது?"

"சின்னசேலம் கடையில. ஏழு வருஷமா மாசாமாசம் அங்க போய் இதே மாத்திரைய வாங்கறீங்களாம். முழு அட்டை, தேதியோட. சொந்தமா மருந்துக்கடை வெச்சிருக்கிற மனுஷன் எதுக்கு இவ்ளோ தூரம் வர்றாருன்னு அந்தம்மா ரொம்ப நாளா யோசிச்சிருக்காங்க."

தீனதயாளன் ஸ்டூலில் இருந்த காகிதக் கவரை மெல்லத் தன் பக்கம் நகர்த்தினார்.

"கப்பல்காரங்க முழு அட்டை கேட்டாங்க," என்று எழில்மதி தொடர்ந்தாள். "உங்க கடையில ஒண்ணு கூட இல்ல. இந்தம்மா விடற மாதிரியும் இல்ல. வேற வழியில்லாம நீங்க சாப்பிடறதை எங்க வாங்குவீங்களோ, அங்கேயே இவருக்கும் வாங்கிக் குடுத்தீங்க. இவர் வாழ்க்கையில ஒரே ஒரு தடவ."

நவுஷாத் குழம்பினான். "அப்போ கப்பல்ல குடுத்ததுல விஷம் எதுவும் இல்லையா?"

"இல்ல. கப்பல்ல குடுத்தது மட்டும்தான் மருந்து."

அவளே விளக்கினாள். ஒரு வருடத்துக்கு முன்னால் ஷேக் பரீத்துக்கு நாளைக்கு ஒரு மாத்திரைதான். தீனதயாளன் கொடுத்தது காலாவதியாகி, தேதி துடைக்கப்பட்டு, மலையில் தகரக் கூரைக்குக் கீழே வெந்து செத்துப்போன மாத்திரை. சர்க்கரை இறங்கவில்லை. டாக்டர் இரண்டாக்கினார். அப்புறமும் இறங்கவில்லை, நாலாக்கினார். அத்தனையும் வெறும் மாவு. கப்பலில் முதல்தடவையாக நிஜ மாத்திரை, நாளைக்கு நாலு. ஐஸ்கிரீமால் கூடத் தாங்கிப் பிடிக்க முடியவில்லை.

"இந்தம்மா சரியா எண்ணித்தான் குடுத்தாங்க," என்றான் சுபுஹான். "இருபத்திரெண்டு மிச்சம் இருக்குது. நானே எண்ணினேன்."

"ஆதாரம் இல்லாம பேசாதீங்க," என்றார் தீனதயாளன். குரல் உயரவில்லை. "இந்தக் குடும்பத்துக்கு நான் இருபது வருஷமா மருந்து குடுக்கறேன்."

எழில்மதி கைக்குட்டையைப் பிரித்து, மலையிலிருந்து எடுத்துவந்த சர்க்கரை மாத்திரை அட்டையை ஜெபீனாவின் முன்னால் வைத்தாள். பச்சை மையில், சாய்ந்த எழுத்தில் எழுதியிருந்தது. 'ஷாஜாதி – காலை 1.'

ஜெபீனா அதைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் இறந்துபோன அவள் அம்மாவின் பெயர், ஜெபீனாவின் சொந்தக் கையெழுத்து.

"அம்மா மௌத்தானப்புறம் நான்தான் எல்லாத்தையும் எடுத்து இவர் பொட்டியில போட்டேன்," என்றாள் மெதுவாக. "ஏழைங்களுக்கு ஆகும்னு சொன்னாரு. அம்மாவுக்காக அவங்க துஆ கேப்பாங்கன்னாரு." தீனதயாளனை நிமிர்ந்து பார்த்தாள். "இதைத் தொடைச்சு எங்க அத்தாவுக்கே குடுப்பியா?"

தீனதயாளன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"யாரும் சாகலீங்களே," என்றார். "எதுக்கு இவ்ளோ பெருசாக்கறீங்க?"

அதைச் சொல்லும்போதும் அவர் கை ஷேக் பரீத்தின் தோளில் இருந்தது. கட்டிலில் கிடந்தவர் தன் சரியான இடது கையால் அந்தக் கையைப் பிடித்து, ஒட்டிய அழுக்கைத் தள்ளுவதுபோல அப்பால் தள்ளினார். ஏதோ சொல்ல வந்தார். நாக்கு புரளவில்லை. மூன்றாவது முயற்சியில் ஒரு வார்த்தை வந்தது.

"போ."

வாசலில் ஜீப் நின்றது. மருந்து ஆய்வாளரும் இரண்டு போலீஸ்காரர்களும் உள்ளே வந்தார்கள். கொட்டகைக்கு மதியமே சீல் வைத்தாகிவிட்டது என்றார் ஆய்வாளர். ஸ்டூலில் இருந்த காகிதக் கவரை அவர் எடுத்துக்கொண்டார். தீனதயாளன் போகும்போது வழக்கம்போல எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். பதிலுக்கு யாரும் கை எடுக்கவில்லை.

ஜீப் சத்தம் தேய்ந்ததும் நவுஷாத் ஒரு பெருமூச்சு விட்டான். எல்லாம் முடிந்துவிட்டது என்ற நிம்மதி அவன் முகத்தில் தெரிந்தது. போனை எடுத்தான்.

"பெரியவங்களுக்குச் சொல்லிடறேன், நாளைக்கு வர வேணாம்னு. பௌசியா, எல்லாருக்கும் டீ போடு."

எழில்மதிக்குக் கொட்டகையின் நெடியே தேவலை என்று தோன்றியது.

பௌசியா சமையலறை வாசலிலிருந்து நகரவில்லை.

"போன் பண்ணாதீங்க," என்றாள். "அவங்க வரட்டும். நான் கொலகாரின்னு சொல்லித்தான அவங்கள கூப்டீங்க. அவங்க முன்னாடியே அதை மாத்திச் சொல்லுங்க. நீங்களும் சொல்லணும், ஜெபீனாவும் சொல்லணும். என் பொண்ணுங்க ரெண்டும் பக்கத்துல நின்னு கேக்கும். அதுக்கப்புறம் டீ போடறேன்."

நவுஷாத் தங்கையைப் பார்த்தான். ஜெபீனா அம்மாவின் மாத்திரை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்திருந்தாள்.

"போனை கீழ வைண்ணா," என்றாள். "நான் மொதல்ல சொல்றேன்."